ஆற்றில் போட்ட படமும் குளத்தில் தேடிய முகமும்

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க சரித்திரம் படிச்சவரு, முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக் குடுத்தவரு. இந்தத் தடவை மலருக்கு ஒரு கட்டுரை கண்டிப்பா வேணும்" என்றார். எதைப் பற்றி எழுதுவது? பழமலைநாதர் கோயிலைப் பற்றி நம் நண்பர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம் என்று எல்லாம் ஐந்தைந்தாக அமைந்த அதிசயம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். பீங்கான் தொழிலைப் பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே யாரும் இதுவரை தொடாத ஒன்றைத் தொடலாம் என்று நினைக்கிறேன். நம் வீட்டுச் சுவரிலும் பீரோவிலும் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய போட்டோக்களின் சரித்திரம் அது.

இந்த விஷயம் என் மனதில் விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண் போன் செய்தாள். "அங்கிள், நான் இன்னாருடைய பொண்ணு பேசறேன்" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் பெயரைச் சொன்னாள். 1977 முதல் 1980 வரை பி.ஏ. வரலாற்று வகுப்பில் என் பெஞ்சிலேயே மூன்று வருடம் உட்கார்ந்தவன். 1996-ல் காலமாகிவிட்டான். அப்போது அந்தப் பெண்ணுக்கு மூன்று வயது.

"எங்க வீட்டுல அப்பா போட்டோ ஒண்ணுதான் இருக்கு அங்கிள். பாஸ்போர்ட் சைஸ் படத்தை வச்சு பெருசு பண்ணி, மேல பெயிண்ட் அடிச்சுக் குடுத்தது. அது அப்பா மாதிரியே இல்லன்னு அம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க. மத்த ஆல்பமெல்லாம் தானே புயல்ல நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. காலேஜ்ல எடுத்த படம் ஏதாவது உங்ககிட்ட இருக்குமா?"

2011 டிசம்பர் 30-ஆம் தேதி அடித்த தானே புயலை நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்க முடியாது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. நனைந்து போன ஆல்பங்களுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

"இருக்கும்மா, க்ரூப் போட்டோ இருக்கு. அனுப்பறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது.

எங்கள் க்ரூப் போட்டோ

படத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். நாற்காலியில் ஆசிரியர்கள் ஆறு பேர், பின்னால் மூன்று வரிசையில் மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர். கறுப்பு வெள்ளை. படத்துக்குக் கீழே அட்டையில் பெயர்கள் அச்சாகி இருந்த இடத்தைக் கரையான் சுத்தமாகத் தின்றுவிட்டிருந்தது. முகங்கள் மிஞ்சின, பெயர்கள் போய்விட்டன.

அதனால் என்ன, கூடப் படித்தவனை அடையாளம் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவது ஆள் அவன்தான் என்று முடிவு செய்தேன். ஒரு சந்தேகத்துக்காகக் கடலூர் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "யோவ், அது அவன் இல்லய்யா. கடைசி வரிசையில ரெண்டாவது ஆளைப் பாரு" என்று பதில் வந்தது. பத்து நாள் வாதாடினோம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே காதை மூடிய முடி, ஒரே அகலக் காலர் சட்டை. கடைசியில் எனக்கே உறுதி போய்விட்டது. மூன்று வருடம் தோளோடு தோள் உட்கார்ந்தவனின் முகத்தை நாற்பத்தைந்து ஆண்டில் தொலைத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது.

படம் எடுத்த ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று கடைவீதிக்குப் போனேன். மாசி மகம் வந்தால் குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ அது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஸ்டுடியோ அண்ணனின் மகனைத் தேடிப் பிடித்தேன். அவர் மறைக்காமல் சொன்னார்:

"தாத்தா காலத்துக் கண்ணாடி பிளேட்டெல்லாம் சுரண்டிக் கழுவி, படத்துக்கு பிரேம் போடற கண்ணாடியா வித்துட்டாங்க சார். அப்பா எடுத்த பிலிமெல்லாம் வெள்ளி எடுக்கறவங்க வந்து கிலோ கணக்குல வாங்கிட்டுப் போனாங்க. இடம் வேணுமே சார், என்ன பண்றது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இதே கதைதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கறுப்பு என்பது வெள்ளித் துகள்தான். அந்த வெள்ளியை உருக்கி எடுத்தால் காசு. அதில் படிந்திருந்த முகங்களுக்குத்தான் விலை இல்லாமல் போயிற்று.

சீமையில் ஒரு சண்டை

பணி ஓய்வுக்குப் பிறகு புகைப்பட வரலாறு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. மியூசியத்தார், பேராசிரியர்கள், பழைய கேமரா சேர்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். ஒரு சின்ன ஊர் ஸ்டுடியோவின் முகவரியையும், கணக்கு நோட்டையும், படத்தின் பின்னால் குத்திய ரப்பர் ஸ்டாம்பையும் கல்வெட்டைப் படிப்பதுபோல் படிக்கிறார்கள். எந்த ஆவணம் எங்கே ஏலத்துக்கு வருகிறது, எந்த மியூசியம் எதை வாங்கியது என்பதெல்லாம் அவர்களுக்குச் செய்தி. காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்பட்டின் சொந்த ஆவணங்களை 2014-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகம் வாங்கியபோது அதை அவர்கள் ஒரு திருவிழாவாகவே கொண்டாடினார்கள்.

அவர்களுக்குள் சண்டையும் உண்டு. 1853-ல் லண்டனில் ஒரு போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. 1894 முதல் அதற்கு 'ராயல்' பட்டம். அந்தச் சங்கம் சேர்த்த படங்கள் பிராட்போர்டு என்ற தொழில் நகரத்து மியூசியத்தில் இருந்தன. அவற்றை லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கு மாற்றப்போவதாக 2016-ல் அறிவிப்பு வந்தது. 2,70,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்கள், 26,000 வெளியீடுகள், 6,000 கருவிகள். "எங்க ஊர்ச் சொத்தை லண்டனுக்கு அள்ளிக்கிட்டுப் போறீங்களா?" என்று பிராட்போர்டில் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகளில் கண்டனக் கடிதங்கள் வந்தன. ஆனாலும் மாற்றம் நடந்தது. 2018 அக்டோபரில் லண்டன் மியூசியத்தில் புகைப்படத்துக்கென்று தனி மையமே திறந்தார்கள்.

நான் யோசித்தது இதுதான். ஒரே நாட்டுக்குள், பத்திரமான ஓர் இடத்திலிருந்து இன்னொரு பத்திரமான இடத்துக்குப் படங்கள் போனதற்கே அங்கே அத்தனை கொந்தளிப்பு. நம் கடைவீதி ஸ்டுடியோவின் மூன்று தலைமுறை முகங்கள் தராசில் ஏறி மூட்டையில் போனபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சத்தியமாக எனக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குக் கவலைப்பட்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

மாட்டு வண்டியில் போன கேமரா

லண்டன் மியூசியத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் மிகப் பழைய படங்களில் சில அங்கேதான் இருக்கின்றன.

லின்னேயஸ் ட்ரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி. 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுமுறையில் ஊர் போனபோது போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1854-ல் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். 1855-ல் பர்மா மன்னரிடம் சென்ற தூதுக் குழுவோடு போய் அங்கேயும் எடுத்தார். 1856-ல் மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கேமரா, காகிதம், மெழுகு, ரசாயனம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ராயக்கோட்டை, சேலம் பகுதிகள், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று அடுத்த சில மாதங்கள் அந்தப் பயணம் நடந்தது. வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த சமயம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மெழுகு தடவிய காகிதத்தில் வெள்ளி உப்பைப் பூசி, பெரிய பெரிய நெகட்டிவ்களாக எடுத்தார். மதுரைத் தெப்பக்குளமும் திருமலை நாயக்கர் மகாலும் அப்போது எப்படி இருந்தன என்பதை அவர் படங்களில்தான் பார்க்க வேண்டும். 1858-ல் ஒன்பது தொகுப்புகளாக அவை வெளிவந்தன.

அவருடைய படங்களிலே சரித்திர மாணவர்கள் மறக்கக் கூடாதது தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்துக் கல்வெட்டுப் படம். விமானத்தின் அடியில் ஓடும் எழுத்தை இருபத்தொரு படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, ஒரே நீளப் படமாக ஆக்கினார். மொத்த நீளம் ஏறக்குறைய 19 அடி! எழுத்தைக் கையால் பார்த்து எழுதினால் பிழை வரும், கேமராவுக்குப் பிழை வராது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

ஆனால் ஒன்று. அதே ட்ரைப், வானம் வெறுமையாக விழுந்த நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களை வரைந்து சேர்த்திருக்கிறார். போட்டோ பொய் சொல்லாது என்பார்கள். மேலே பெயிண்ட் அடிக்கும் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது! என் நண்பன் வீட்டுச் சுவர்ப் படம் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், கஜானா வறண்ட நேரத்தில் இது ஆடம்பரம் என்று சொல்லி ட்ரைப்பின் வேலையை நிறுத்தினார். அதன்பின் ட்ரைப் பழையபடி கேமராவைக் கையில் எடுக்கவில்லை. 1902-ல் காலமானார். அவர் பெயர் வெகுகாலம் வெளியே தெரியாமலே கிடந்தது. 2014-ல் வாஷிங்டனிலும் 2015-ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களைப் பெரிய கண்காட்சிகளாக வைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவர் பெயர் பிழைத்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. படங்களில் இடமும் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அவற்றைப் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள்.

களிமண்ணும் கேமராவும்

நம் பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தம் சொந்தச் செலவில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். அடுத்த வருடம் தொழிற்கலைப் பிரிவையும் சேர்த்தார். பின்னர் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம் அதுதான். அங்கே மண்பாண்டம், செங்கல், ஓடு செய்வது ஒரு பக்கம், போட்டோ எடுப்பது இன்னொரு பக்கம். களிமண்ணும் கேமராவும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி ஏற்பட்டதிலும் ஹண்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

நினைத்துப் பார்த்தால் பொருத்தம்தான். களிமண்ணைச் சூளை மாற்றுகிறது, வெள்ளி உப்பை வெளிச்சம் மாற்றுகிறது. இரண்டிலும் நேரம் தப்பினால் வேலை பாழ். பழைய ஸ்டுடியோக்களின் இருட்டறையில் படம் கழுவும் தட்டுக்கூடப் பீங்கான் தட்டுதான். அமிலம் பட்டாலும் அது அரிக்காது. அகல் விளக்கும் கொலு பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்யும் நம் ஊருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கலைப் பள்ளியின் மாணவர் ஒருவரைத்தான் ட்ரைப் தம் உதவியாளராக வைத்துப் பயிற்சி கொடுத்தார். பெயர் சி. ஐயாசாமி. பின்னாளில் அதே பள்ளியில் புகைப்படப் பிரிவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி ப்ரீக்ஸ் என்ற அதிகாரி எழுதி 1873-ல் லண்டனில் வெளியான புத்தகத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்ததும் அந்தப் பள்ளிதான். தமிழ்நாட்டுப் புகைப்படக் கலைக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் ஐயாசாமியைச் சொல்லலாம். ஆனால் ட்ரைப்பின் பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது ஐயாசாமியின் பெயர் தெரியுமா? படம் எடுத்தவர் பெயர் நிற்கும். பக்கத்தில் நின்று தட்டைக் கழுவியவர் பெயர் ஓரத்துக்குப் போய்விடும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

புதுச்சேரி வரைக்கும் போனால் போதும்

1870-களில் உலர்ந்த கண்ணாடித் தகடு வந்த பிறகு போட்டோ எடுப்பது சுலபமாகி, ஸ்டுடியோக்கள் நகரங்களிலிருந்து சிற்றூர்கள் வரை பரவின. திரைச்சீலையில் வரைந்த மாளிகை, மரத்தூண், பூச்சாடி, கையில் ஒரு புத்தகம். நம் தாத்தா பாட்டிகள் அப்படித்தான் முதல்முதலாகத் தம் முகத்தைத் தாமே பார்த்தார்கள். பிறகு பிலிம் வந்தது. 1960-ல் ஊட்டியில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிமும் பேப்பரும் நம் காலத்து ஸ்டுடியோக்களின் அன்றாடப் பொருள். அந்த ஆலையும் இப்போது இல்லை.

இந்த ஸ்டுடியோப் படங்களைக் காப்பாற்ற நம் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்களின் சுமார் 1,60,000 படங்கள் கொண்ட ஒரு பெரும் தொகுப்பு இருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. அதே நிறுவனத்தின் வழியாக ஸோயி ஹெட்லி என்ற மானிடவியல் ஆய்வாளர், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களையும் குடும்ப ஆல்பங்களையும் தேடிப் பிடித்துப் பிரதி எடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார். அதற்குப் பண உதவி செய்தது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் திட்டம். 2004-ல் தொடங்கப்பட்ட திட்டம் அது. அதன் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மூலப் படம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. டிஜிட்டல் பிரதி மட்டும்தான் லண்டன் போகும்.

இதைப் படித்தபோது நம் ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. திருமுதுகுன்றத்தில் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார் இறைவன். "ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடறான்" என்று இன்றைக்கு நாம் கேலியாகச் சொல்கிறோம். ட்ரைப் எடுத்த தஞ்சையையும் மதுரையையும் நாம் லண்டனில் தேடுவது அந்தக் கேலிக்குப் பொருத்தம்தான். ஆனால் புதுச்சேரித் திட்டத்தில் பொன் நம் ஆற்றிலேயே இருக்கிறது, அதன் பிரதிதான் குளத்துக்குப் போகிறது.

குளத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களைக் களவாணிகள் தாக்கி, பல மாதங்கள் அதன் இணையச் சேவைகள் முடங்கிப் போயின. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்தக் கதி என்றால், நம் செல்போனில் மட்டும் இருக்கும் படத்தின் கதி என்ன? ஒரு படத்துக்கு நாலு வீட்டில் நாலு பிரதி இருப்பதுதான் நல்ல காவல். அது உண்மை என்பதை என் அனுபவத்திலேயே கண்டேன்.

கிடைத்த முகம், கிடைக்காத பெயர்

நானும் கடலூர் நண்பனும் வாதாடிக் களைத்த பிறகு, படத்தை அப்படியே அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். "உங்க அம்மாகிட்ட காட்டும்மா" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் போன் வந்தது.

"அம்மா பார்த்த உடனே கை வச்சுட்டாங்க அங்கிள். ரெண்டாவது வரிசையில ஓரத்துல, பக்கத்து ஆள் தோள்மேல கை போட்டு நிக்கறது. 'உங்கப்பா எப்பவும் அப்படித்தான் நிப்பாரு'ன்னு சொன்னாங்க."

நான் சொன்னவனும் இல்லை, கடலூர்க்காரன் சொன்னவனும் இல்லை. மூன்றாவதாக ஓர் ஆள்! மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் சரித்திரம் படித்த புத்தி விடவில்லை, இன்னொரு சாட்சி வேண்டும் என்றது. வகுப்பு நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து நெய்வேலி நண்பர் ஒருவர், தன் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்த அதே க்ரூப் போட்டோவைப் படம் எடுத்து அனுப்பினார். பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கீழே பெயர்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. இரண்டாவது வரிசை, வலது ஓரம். அவன்தான். அவன் கை யார் தோள்மேல் இருந்தது தெரியுமா? என் தோள்மேல்.

என்னை நானே அடையாளம் கண்டிருந்தேன். என் தோள்மேல் கிடந்த கை யாருடையது என்று மட்டும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பெயிண்ட் அடித்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். "என் பையனுக்கு அப்பாவோட மூக்கு அங்கிள்" என்றாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் சந்தோஷம்தான். ஆனால் பெயர்ப் பட்டியலை முகங்களோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தபோது ஒரு முகம் அதிகமாக இருந்தது. இடது ஓரத்தில், வரிசையிலும் சேராமல் வெளியேயும் போகாமல், காக்கிச் சட்டையில் ஒருவர் நிற்கிறார். எங்கள் துறையின் அட்டெண்டர். எங்களுக்குத் தண்ணீர்ப் பானை நிரப்பியவர், பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியை ஞாபகப்படுத்தியவர், என் கையில் பஸ்ஸுக்குக் காசில்லாத ஒரு நாள் ஒரு ரூபாய் கொடுத்தவர். எல்லோரும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயர் பட்டியலில் இல்லை. முப்பத்தெட்டுப் பேரில் இப்போது தொடர்பில் இருக்கும் எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ட்ரைப்பைத் தெரியும், ஐயாசாமியைத் தெரியாது என்று மேலே குறைபட்டேனே, நாங்களும் அதையேதான் செய்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே முன்னாள் மாணவர்களுக்கும், இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்.

சுந்தரர் பொன்னை ஆற்றில் போடுமுன் அதில் ஒரு துணுக்கை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் அதே மாற்றுதானா என்று உரைத்துப் பார்ப்பதற்கு. ஒரு போட்டோவுக்கு மச்சம் அதன் பின்பக்கத்தில் எழுதும் பெயர். அது இல்லாவிட்டால் படம் எங்கே கிடைத்தாலும் யார் என்று உரைத்துப் பார்க்க வழியில்லை.

இன்றைக்கே வீட்டிலுள்ள பழைய படங்களை எடுங்கள். பின்பக்கம், ஓரமாக, மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பசை தடவிய பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்தால், ஒட்டிக்கொள்வதற்குள் மெதுவாக எடுத்துக் காகித உறையில் வையுங்கள். தரைக்கும் சுவருக்கும் ஒட்டாமல், ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்து நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் முதலில் அவரிடம் படத்தைக் காட்டி யார் யார் என்று கேளுங்கள். அந்த வேலை மட்டும் நாளைக்குத் தள்ளிப் போடக் கூடாதது. ஊரில் மூடப்போகும் ஸ்டுடியோ ஏதும் இருந்தால், எடைக்குப் போடுமுன் எனக்கோ சங்கத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த ஆண்டுச் சந்திப்பின்போது ஒரு மேஜையில் எங்கள் 1980-ஆம் ஆண்டு க்ரூப் போட்டோவைப் பெரிதாக்கி வைக்கப்போகிறேன். பக்கத்தில் ஒரு பென்சிலும் நோட்டும் இருக்கும். நீங்களும் உங்கள் வருடத்துப் படங்களைக் கொண்டு வாருங்கள்.

எங்கள் படத்தின் இடது ஓரத்தில் காக்கிச் சட்டையில் நிற்பவரை 1970-களில் படித்த அண்ணன்மார், அக்காமார் யாருக்காவது தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் தயவுசெய்து அந்த நோட்டில் அவர் பெயரை எழுதுங்கள். ஒரு ரூபாய்க் கடன் பாக்கி இருக்கிறது.